பட்டினியும் உணவுக் கட்டுப்பாடும் ஒன்றல்ல

நிக்காஹ்வுக்கு நாள் குறித்த மறுவாரமே மணப்பெண்ணின் தட்டிலிருந்து சோறு மறைந்துவிடுவதை நம்மில் பலரும் கண்டிருப்போம். காலையில் வெந்நீரில் தேன், பகலில் வெள்ளரிக்காய், இரவில் ஒன்றுமில்லை. வந்து போகும் உறவினர்களோ, "இன்னும் கொஞ்சம் இளைத்தால் நன்றாயிருக்கும்" என்று சொல்லிச் செல்வார்கள். அதே வீட்டில், நீரிழிவுக்கு மாத்திரை உண்டுவரும் வாப்பா, இரவு பத்து மணிக்கு மூன்றாவது புரோட்டாவைச் சால்னாவில் தோய்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் எவரும் ஒரு சொல் சொல்வதில்லை.

உடல் எடையைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்கள் அனைத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. எடைக்குறைப்பை நாம் தோற்றத்துக்கான அலங்காரமாகக் கருதிவிட்டோம். அதனால்தான் அது பெண்ணுக்கு மட்டும் உரிய கடமையாகவும், அவசரமாக முடிக்க வேண்டிய வேலையாகவும் ஆகிவிட்டது.

பட்டினி கிடந்தால் முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று கிலோ குறைகிறதே என்பார்கள். குறைவது உண்மை, ஆனால் அதில் பெரும்பகுதி கொழுப்பன்று, நீர். உடல் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்திருக்கும். உணவு நின்றதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, நீர் வெளியேறுகிறது, எடைபார்க்கும் கருவியின் முள் இறங்குகிறது. மீண்டும் சோறுண்ட சில நாட்களில் அது திரும்பி வந்துவிடும். பட்டினி நீண்டால் தசையும் கரையும். மிக விரைவாக எடை இழப்போருக்குப் பித்தப்பைக் கற்கள் உருவாகும் ஆபத்தும் உண்டு.

1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். உடல்நலமிக்க 36 ஆண்களுக்கு 24 வாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி உணவே அளிக்கப்பட்டது. அவர்கள் தம் எடையில் சுமார் கால்பங்கை இழந்தனர். கூடவே மனச்சோர்வும் எரிச்சலும் அவர்களைப் பற்றிக்கொண்டன. நாள் முழுவதும் உணவைப் பற்றியே நினைத்தனர். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினர். உறுதிமிக்க ஆண்களுக்கே இந்த நிலை என்றால், அதைவிடக் குறைவாக உண்டு மணமேடைக்குக் காத்திருக்கும் இருபது வயதுப் பெண்ணின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

அடுத்து, சில உணவுகளுக்கு நாம் சூட்டியிருக்கும் பட்டங்கள். சோறு எடையைக் கூட்டும், சப்பாத்தி குறைக்கும் என்கிறோம். நூறு கிராம் அரிசியை எடுத்தாலும் நூறு கிராம் கோதுமை மாவை எடுத்தாலும் ஏறத்தாழ 350 கலோரிதான். முழுக்கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது நல்ல செய்தியே. ஆனால் எண்ணெயூற்றிச் சுட்ட ஐந்து சப்பாத்தி, அளவான சோற்றைவிட எவ்வகையிலும் மெலிதன்று. வெந்நீரில் கலக்கும் ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 60 கலோரி இருக்கிறது. அது கொழுப்பைக் கரைக்காது. வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும். வயிற்றுக் கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்து எரிக்காது.

இவற்றையெல்லாம் விடக் கொடியது, வாட்ஸ்அப் வழியே விற்கப்படும் "மூலிகை" மெலிவுப் பொடிகள். சிபுட்ரமின் என்னும் பசியடக்கி மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்தின் காரணமாக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. பின்னர் இந்தியாவிலும் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகும், இயற்கையானவை என்று விற்கப்பட்ட மெலிவுப் பொருட்களில் அதே மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடித்துள்ளன. இறைச்சிக் கடையில் ஹலாலா என்று வினவாமல் வாங்க மாட்டோம். நம் மகளின் வயிற்றுக்குள் செல்லும் பொடியில் என்ன இருக்கிறது என்று ஏன் வினவுவதில்லை?

ரமளானை எடைக்குறைப்பு மாதமாகக் கருதுவோரும் உளர். நோன்பு இபாதத். அதை உணவுத் திட்டமாகச் சுருக்குவது அதன் மதிப்பைக் குறைப்பதாகும். அந்தக் கணக்கும் நம் இஃப்தார் விரிப்பில் பொய்த்துப்போகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் சுமார் 120 கலோரி. சமோசா, வடை, சர்பத், நள்ளிரவுப் பிரியாணி என்று கடந்துவரும் முப்பது நாட்களில் பலருக்கும் எடை கூடுவதில் வியப்பில்லை. நீரிழிவு உள்ளவர்கள் நிலையோ இன்னும் கவலைக்குரியது. இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் பட்டினியோடு சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருக்க, ரமளானுக்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கலந்துகொள்ளாமல், எடையும் குறையட்டும் என்று தம்மிச்சையாக மருந்தை மாற்றுவது துணிவன்று, அறியாமை.

அப்படியானால் பருமனைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு கணித்தது. நம் போன்ற தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அது எச்சரிக்கை. அந்த அளவுநாடா வாப்பாவின் இடுப்புக்கும் உரியது.

சென்னையை மையமாகக் கொண்டு மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று நமக்குப் பெரிய பாடம். நீரிழிவின் வாசலில் நின்றவர்களில் ஒரு பிரிவினரை நாள்தோறும் அரைமணி நேரமாவது நடக்கவும், சர்க்கரை, கொழுப்பு, தீட்டிய தானியம் ஆகியவற்றைக் குறைக்கவும் பழக்கினர். மூன்றாண்டு முடிவில் அவர்களுக்கு நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடையோ குறிப்பிடும்படி குறையவில்லை! முள் அசையாத போதும் உடல் நலம் பெறுகிறது. முள்ளை மட்டும் நம்பியவர்கள் பயனில்லை என்று எண்ணி, பாதியிலேயே கைவிட்டிருப்பார்கள்.

எனவே செய்ய வேண்டியது குடும்பம் முழுவதற்கும் பொதுவான மாற்றம். மாத எண்ணெய்க் கணக்கைக் குறையுங்கள். சோற்றைச் சற்றுக் குறைத்து, காய்கறியையும் பருப்பையும் கூட்டுங்கள். ஃபஜ்ருக்குப் பின் ஆண்கள் நடப்பது போல, பெண்கள் நடப்பதற்கும் நேரமும் இடமும் ஒதுக்குங்கள். வீட்டு வேலையே போதும் என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். வயிற்றில் மூன்றிலொரு பங்கை மட்டும் உணவுக்கு ஒதுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் அறிவுரையை மேடையில் பேசும் நாம், வலீமா விருந்தில் தட்டு நிரம்பவில்லை என்று வருந்துவதை நிறுத்துவோம்.

பெண் பார்க்கச் செல்லும் வீடுகளில் எடையைப் பற்றி வாய் திறவாதிருப்போம். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவது வேறு, பிறர் கண்ணுக்காக அதை வதைப்பது வேறு. அந்த வேறுபாட்டை நம் பெண்பிள்ளைகளுக்கு முதலில் உணர்த்த வேண்டியவர்கள், அவர்களைப் பட்டினி போட்டு அழகு பார்க்கும் நாம்தான்.