பாவூர்சத்திரத்துக்குக் கடல் எதற்கு?

பாவூர்சத்திரத்தில் கடல் கிடையாது. நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள். அங்கே காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் சொல்லியே விட்டார். "தூத்துக்குடி, ராமேஸ்வரம்னா சரி. மலையடிவாரத்துல இருக்கற ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு மீன் பாட்டும் ஆமைப் படமும் என்னத்துக்குவே?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். கொஞ்சம் மேப்பைப் பாருங்கள். 1986 வரை இந்த ஊர் இருந்த திருநெல்வேலி மாவட்டத்துக்குத் தூத்துக்குடித் துறைமுகமே சொந்தம். அந்த வருஷம் தூத்துக்குடி தனி மாவட்டமானது. அப்புறமும் உவரி, இடிந்தகரை என்று கொஞ்சம் கரை மிச்சம் இருந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதோடு அதுவும் போச்சு. கலெக்டர் ஆபீஸ் கணக்கில் போச்சு, அவ்வளவுதான். குற்றாலத்தில் விழுகிற தண்ணீருக்கு இந்த அரசாணை எல்லாம் தெரியாது. அது பாட்டுக்குச் சிற்றாறாக ஓடி, தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலுக்குள் போகிறது. நீங்கள் சீசனுக்குப் போய் வீசிவிட்டு வந்த ஷாம்பூ பாக்கெட்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறது. போய்ச் சேரும் இடம் மன்னார் வளைகுடா. 21 தீவுகள், பவளப்பாறைகள், கடற்புல் மேடுகள். தூத்துக்குடி பிரிந்த அதே 1986-ல்தான் அதைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்.

சரி, பிள்ளைக்குக் கடல் பாட்டு வேண்டாம் என்கிற வீட்டில் என்ன பாட்டு ஓடுகிறது? 'பேபி ஷார்க்'! 2016-ல் யூடியூபில் வந்த அந்த வீடியோதான் 2022 ஜனவரியில், ஆயிரம் கோடி முறை பார்க்கப்பட்ட முதல் வீடியோ என்று பெயர் வாங்கியது. அம்மா சுறா, அப்பா சுறா, தாத்தா, பாட்டி என்று கூட்டுக் குடும்பமே அதில் நீந்துகிறது. நிஜத்தில் சுறாக் குட்டிக்குப் பிறந்த நிமிஷத்திலிருந்து அம்மாவும் கிடையாது, ஆயாவும் கிடையாது. தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, உங்கள் பிள்ளை கடல் பாட்டு பாடிக்கொண்டுதான் இருக்கிறது. தப்பான பாட்டு!

பள்ளிக்கூடங்கள் இதற்கு ஒரு படி மேலே. காம்பவுண்ட் சுவரில் சிரிக்கிற டால்ஃபின். ஆண்டு விழாவில் கடல்கன்னி டிரெஸ், வாடகை நம் தலையில். "பாட்டு, டிராயிங் எல்லாம் எக்ஸ்ட்ரா ஆக்டிவிட்டி சார், அதுக்குத் தனி ஃபீஸ்" என்றார் ஒரு தனியார் பள்ளித் தாளாளர். நான் பி.காம். படித்தவன். எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஓரளவு தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாட்டும் படமும்தான் படிப்பே. அதை 'இதர வகை'யில் எழுதினால் கணக்கு எப்படி டேலி ஆகும்? அரசுப் பள்ளிகளில் 2022-லிருந்து 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பாட்டும் ஆட்டமுமாகத்தான் பாடமே நடக்கிறது. ஃபீஸ் வாங்குகிறவர்களிடம்தான் "வாயில் விரல் வை"!

படம் வரைவது பொழுதுபோக்கு என்கிறீர்களா? ஒரு திருக்கை மீனை வரையச் சொல்லிப் பாருங்கள். கண் மேலே இருக்கும், வாய் அடியில் இருக்கும். மீன் கடைக்குப் போய்ப் புரட்டிப் பார்க்காமல் பிள்ளையால் வரைய முடியாது. அந்தப் புரட்டல்தான் விஞ்ஞானம்.

ஆவுளியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்பசு. புல் மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும், சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடும். மாடு தெரிந்த பாவூர்சத்திரத்துப் பிள்ளைக்கு இதைவிட சுலபமான பாடம் உண்டா? பாதி வகுப்பு பெஞ்சில் தாளம் தட்டட்டும். மீதிப் பிள்ளைகள் ஆவுளியாவாகக் குனிந்து மூச்சைப் பிடிக்கட்டும். தாளம் நின்றதும் நிமிர்ந்து மூச்சு விடட்டும். வலையில் மாட்டினால் ஏன் சாகிறது என்று டீச்சர் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆமைக்கும் இதே கதிதான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, பார்த்திருப்பீர்கள். பாக் விரிகுடாவில் 2022-ல் ஆவுளியாவுக்கென்று 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தார்கள். நாட்டிலேயே முதல் காப்பகம். நம் பிள்ளைகளுக்கு அதன் பெயராவது தெரியுமா?

பாட்டுக்கூத்தால் கடலில் என்ன மாறும் என்று கேட்பவர்கள் குஜராத்தைப் பார்க்கலாம். திமிங்கலச் சுறாவை அங்கே எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வெட்டித் தள்ளினார்கள். 2001-ல் சட்டம் தடுத்தது. 2004-ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபுவை அழைத்து வந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளை யாராவது வெட்டுவார்களா என்று ஊர் ஊராக நாடகம் போட்டார்கள். அப்புறம் மீனவர்களே தங்கள் வலையை அறுத்து அதை விடுவித்தார்கள், நூற்றுக்கணக்கில். சட்டம் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா, சொல்லுங்கள்.

இங்கே நமக்கு என்ன குறைச்சல்? வில்லுப்பாட்டு பிறந்த சீமை. மலையையும் அருவியையும் பாடி, பறவைகளின் பெயரைக்கூடப் பாட்டிலேயே அடுக்கிய குற்றாலக் குறவஞ்சி பக்கத்து ஊர்ச் சரக்கு. அந்த வில்லை எடுத்து, அருவியிலிருந்து புன்னைக்காயல் வரை ஒரு கதை சொல்ல எத்தனை ரூபாய் செலவாகும்?

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "சுவரில் இருக்கிற அந்த டால்ஃபினை அழித்துவிட்டு ஆவுளியா வரைய முடியுமா சார்?" என்று கேளுங்கள். "அப்படின்னா என்ன?" என்று அவர் திருப்பிக் கேட்டால், தாளம் தட்டச் சொல்லி நீங்களே குனிந்து காட்டுங்கள்.