மாலைக்கண்ணும் சொந்த விவாகமும்

வத்திராயிருப்பு நெல்வயல்களில் பொழுது சாய்ந்ததும் வரப்பைக் காலால் தடவிக்கொண்டு வீடு திரும்பும் வாலிபனை ஊரார் ‘மாலைக்கண்காரன்’ என்று பரிகசிப்பதுண்டு. முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் தின்னச் சொல்வார்கள். வைட்டமின் ‘ஏ’ குறைவினால் வந்ததாயின் அது தக்க யோசனையே. ஆனால் கீரைக்குக் கட்டுப்படாத, பரம்பரையாக வரும் மாலைக்கண்ணும் ஒன்று உண்டு.

‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்பது அதன் பெயர். விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போலாகும். நேரே பார்த்துப் படிக்கும் சக்தி மட்டும் வெகுகாலம் நிற்கும். பள்ளிக்கூடத்தில் எழுத்து அட்டையைக் காட்டிச் செய்யும் பரிசோதனையில் இப்பிள்ளைகள் தேறிவிடுவதன் மர்மம் இதுவே!

உலகில் ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒருவரிடம் காணும் வியாதி இது. சென்னை சங்கர நேத்ராலய வைத்தியர்கள் 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, நாற்பது வயது கடந்த கிராமவாசிகளில் 372 பேருக்கு ஒருவரிடம் கண்டதாகக் கூறுகிறது. சொந்தத்தில் பெண்ணெடுக்கும் வழக்கத்துக்கு இதில் பங்குண்டு என்பது நமது அபிப்பிராயம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 விவாகங்கள் இத்தகையவை. ஒரே மறைந்த பழுது தாய் தந்தை இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வியாதி வர நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அக்காள் மகளை மணப்பவனுக்கு அந்த அபாயம் மிக அதிகம். நிலம் வெளியே போகாதிருக்கச் செய்யும் ஏற்பாட்டில் பிள்ளையின் கண் போவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்னியத்தில் மணந்தோர் குடும்பத்திலும் இது வருவதுண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் மருமகள் கொண்டுவந்த தோஷம் என்று தூற்றுகிறார்களே, அவள் யார்? அவர்கள் வீட்டுப் பெண்ணல்லவா?

இதன் பெரும்பாலான வகைகளுக்கு இன்னும் சிகிச்சையில்லை. 2017-ல் அமெரிக்கா அனுமதித்த மரபணு மருந்து, ஆர்.பி.இ.65 என்னும் ஒரே மரபணு பழுதானவர்களுக்கு மட்டுமே உதவும். இரு கண்களுக்கும் அதன் விலை 8,50,000 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதற்காக, ‘மருந்தில்லை’ என்று சொல்லி அனுப்புவதோடு கடமை தீர்ந்தது என்பதை நாம் ஒப்பமாட்டோம். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, பார்வைப் பரப்பு 10 பாகைக்குக் குறைந்தவர் எழுத்தைப் படித்தாலும் பார்வையற்றவரே. சர்க்கார் உத்தியோகத்தில் பார்வையற்றோருக்கும் குறைபார்வையுடையோருக்கும் நூற்றுக்கு ஒரு ஸ்தானம் உரியது. “பத்திரிகை படிக்கிறானே, இவனுக்கென்ன சலுகை?” என்று கேட்போர் இதை அறிவார்களாக.

பள்ளிக்கூடப் பரிசோதனையில் ‘இருட்டினால் தடுமாறுகிறாயா?’ என்ற கேள்வியைச் சேர்க்கக் காலணாச் செலவில்லை. ஆம் என்ற பிள்ளையை, 1976 முதல் மதுரையில் நடந்துவரும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி போன்ற இடத்துக்கு அனுப்பி விழித்திரையைப் பார்க்கச் செய்யவேண்டும். வத்திராயிருப்புப் பிரமுகர்கள் தங்கள் பள்ளிகளிலேயே இதைத் தொடங்குமாறு கோருகிறோம்.