ஏற்றிவிட்டால் ஏறிவிடுவானா?

“பையனுக்குப் பதினொண்ணுதான் சார் ஆகுது. ஆனா அண்டர்-16 ஆடுறான்!”

காஞ்சியில், திருப்பருத்திக்குன்றத்தை ஒட்டிய ஒரு திடலில், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு தகப்பனார் என்னிடம் பெருமையாகச் சொன்னார். பையனைப் பார்த்தேன். பேடு தொடைவரை ஏறியிருந்தது. நழுவும் ஹெல்மெட்டை நிமிடத்துக்கொரு தரம் மேலே தள்ளிக்கொண்டிருந்தான். கடைசி ஆளாக இறங்கினான். எதிர்முனையில் நின்றபடியே ஆட்டம் முடிந்ததைப் பார்த்தான். ஃபீல்டிங்கில் அவனுக்குக் கிடைத்தது ஃபைன் லெக் எல்லைக்கோடு. பந்துவீச யாரும் கூப்பிடவில்லை. மூன்று மணி நேரத்தில் அவன் உருப்படியாகச் செய்தது தண்ணீர் பாட்டில் சுமந்ததுதான்.

“பெரிய பசங்களோட மோதினாத்தான் தேறுவான்” என்ற நம்பிக்கை நம் ஊர்த் திடல்களில் வேதவாக்காகிவிட்டது. நான் இதை மறுக்கிறேன். ஆட்டம் ஆடித்தான் வரும். பவுண்டரியில் நின்று வேடிக்கை பார்த்து வராது. அதே பையன் தன் வயதுக்காரர்களோடு இருந்தால் முதல் மூன்று பேரில் இறங்குவான், ஓவர் போடுவான், தோற்றால் தன்னால் தோற்றோம் என்று உணர்வான். இந்தப் பாடங்களைப் பறித்துக்கொண்டு, பதிலுக்கு அவனுக்கு ஒரு பெயர்ப்பலகையை மாட்டிவிடுகிறோம்.

உடனே சச்சினை இழுத்து வருவார்கள். ஆம், 1989இல் 16 வயதில் கராச்சியில் இறங்கினார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, பள்ளிச் சிறுவர்களுக்கான ஹாரிஸ் கேடயப் போட்டியில் அவர் அடித்தது ஆட்டமிழக்காமல் 326. எதிர்முனையில் நின்ற காம்ப்ளியோடு சேர்ந்து எடுத்தது 664. அதாவது, தன் வயதுப் பந்தை அலுக்க அலுக்க அடித்து முடித்தவர்தான் மேலே போனார். நம் பையனோ அந்தப் படியில் கால் வைக்கவே இல்லை.

நம் மாநிலத்துக் கதைகளும் இந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்ல மறுக்கின்றன. லட்சுமண் சிவராமகிருஷ்ணன் 1983இல் 17 வயதில் டெஸ்ட் ஆடினார். பம்பாயில் இங்கிலாந்தை எதிர்த்து ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தார். ஆனாலும் ஒன்பதே டெஸ்டுகளோடு, 20 வயதில், அவருடைய டெஸ்ட் கணக்கு முடிந்துவிட்டது. காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். சீக்கிரம் வந்தது அவரை நிலைக்கச் செய்யவில்லை. அஸ்வின் டெஸ்டுக்குள் வந்தது 25 வயதில். எடுத்தது 537 விக்கெட். சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே வளர்ந்தவர். இந்திய அணிக்கு ஆடியபோது வயது 29. “இப்போ விட்டா எப்போ?” என்று பதறுகிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

உடம்பின் கணக்கு இன்னும் கறாரானது. பெரியவர்களின் பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குட்பட்டோருக்கு விதிநூல் தருவது 133 முதல் 144 கிராம். இங்கிலாந்தில் 13 வயதுவரையிலான வேகப்பந்துச் சிறுவன் ஒரு மூச்சில் ஐந்து ஓவருக்குமேல் வீசக்கூடாது. முற்றாத முதுகெலும்பில் விரிசல் விழும் என்ற அச்சம்தான் காரணம். அமெரிக்க பேஸ்பாலின் லிட்டில் லீக்கில் சிறுவர் பந்தெறியும் தூரம் 46 அடி, பெரிய திடலில் 60 அடி 6 அங்குலம். ஒரே தாவலாகத் தாவ வேண்டாம் என்று நடுவில் 50 அடித் திடல் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். 12 வயதுப் பையன் ஒரு நாளில் 85 பந்தைத் தாண்டி எறிய அனுமதியில்லை. நாமோ, “அவன் தாங்குவான்” என்ற ஒரே வார்த்தையில் எல்லா அளவையும் அழித்துவிடுகிறோம்.

“தாங்குவான்” என்ற சொல் காஞ்சிக்குப் புதிதல்ல. கோர்வைச் சேலை நெய்ய, நெசவாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் ஒரு காலத்தில் உட்கார்ந்தவை எத்தனையோ பள்ளிக்கூட வயதுக் கைகள். “சின்ன விரலுக்குத்தான் பட்டு படியும்” என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். வறுமையும் முன்பணமும் அன்று அவர்களை அங்கே தள்ளின. இன்று எந்தக் கடனும் இல்லாத அப்பாக்கள், கௌரவத்துக்காக அதையே திடலில் செய்கிறார்கள்.

பிள்ளையை மேலே அனுப்பவே கூடாதென்று நான் சொல்லவில்லை. தன் வயது ஆட்டம் அவனுக்குச் சலித்திருக்க வேண்டும். மேலே போனாலும் மட்டையும் பந்தும் அவன் கைக்கு வர வேண்டும். “போறேன்” என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருந்தால் வளர்ச்சி நின்றுவிடாது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில் ஒரு குரா மரம் இருக்கிறது. தன் அளவில் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்று அதைப் புகழும் செய்யுள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் அந்த மரமல்ல. விட்டால் தானாகவே வளர்வார்கள்.

வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் “எந்த டீம்ல ஆடினே?” என்று கேட்காதீர்கள். “இன்னிக்கு எத்தனை பந்து ஆடினே?” என்று கேளுங்கள். அந்தப் பையனிடம் நான் அதைத்தான் கேட்டேன். எண்ணிச் சொல்ல விரலை மடக்கப் போனவன், அப்பாவைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டான்.