சீட்டைக் கலைப்பது யார்?

தாம்பரம் - பீச் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போனில் விளையாடிக்கொண்டே போகும் பசங்களிடம் ஒரு வார்த்தை ரொம்பப் புழக்கம். "டேய், அது பாட்டுடா!" பாட்டு இல்லைங்க, பாட். சுட்டால் திருப்பிச் சுடத் தெரியாமல் திருதிருவென்று முழிக்கிற எதிரி மனிதனே இல்லை, கம்பெனியே உள்ளே அனுப்பி வைத்த மென்பொருள் என்று எட்டாம் கிளாஸ் பையனுக்கும் தெரியும். பப்ஜி 2020 செப்டம்பரில் தடையாகி, 2021-ல் வேறு பெயரில் திரும்பி வந்தது. பையன்களின் இந்த ஞானம் மட்டும் நடுவில் எங்கேயும் போகவில்லை.

பெரியவர்களும் சந்தேகத்தில் குறைந்தவர்கள் இல்லை. சேலையூர், குரோம்பேட்டை பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழும். "ஏஐ வந்தா ஓஎம்ஆர் முழுக்க காலி." "நாம பேசறதை போன் ஒட்டுக்கேக்குது." "ஓட்டு மெஷின்ல ஏதோ பண்றாங்க." "ரம்மில எதிர்ல ஆடறது ஆளே இல்ல, கம்ப்யூட்டர்தான்."

இவ்வளவு சந்தேகப்படுகிற ஊரில்தான் ரம்மி ஆப்பில் லட்சக்கணக்கில் பணம் போனது. சந்தேகம் இருந்தது, ஆனாலும் ஆடினார்கள். அப்படியென்றால் அந்த சந்தேகத்தால் என்ன பிரயோஜனம்?

முதலில் கொஞ்சம் பழைய கதை. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மி பட்ட பாடு ஒரு மெகா சீரியல். 2020 நவம்பரில் அதிமுக அரசு அவசரச் சட்டம் போட்டது. 2021 பிப்ரவரியில் அது சட்டமானது. அதே வருடம் ஆகஸ்ட் 3-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்து வந்த திமுக அரசு 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அக்டோபரில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இந்த இழுபறி நடக்கும்போதே தற்கொலை செய்துகொண்டவர்கள் என்று அரசு சொன்ன கணக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது.

சீரியல் அங்கேயும் முடியவில்லை. 2023 நவம்பர் 9-ம் தேதி உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று சேர்த்தது செல்லாது என்றது. அதாவது ரம்மி மறுபடி சேஃப்!

ரம்மிக்கு ஏன் இந்த மரியாதை? காரணம் 1968-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் சீட்டாடியவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கு அது. மூணு சீட்டு மாதிரி ரம்மி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, எந்தச் சீட்டு விழுந்தது என்று ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே இது திறமை விளையாட்டு என்றது நீதிமன்றம். நியாயமான பேச்சுதான். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பணம் வைத்து ஆடுகிற ஆட்டத்தில் கிளப் நடத்துபவர் லாபம் பார்க்கிறார் என்று ஆதாரம் இருந்தால், அது குற்றமாகலாம் என்பது. விளம்பரங்களில் முதல் பாதி மட்டும் வந்தது. ரெண்டாம் பாதியை யார் சொன்னார்கள்?

அந்த செகந்திராபாத் மேசையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியும். சீட்டைக் கலைப்பவரின் கை தெரியும். சந்தேகம் வந்தால் "நான் ஒருதரம் கலைக்கிறேன், குடு" என்று கட்டை வாங்கலாம். கல்யாண வீட்டு மாடியில் விடிய விடிய சீட்டாடும் மாமாக்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. "வெட்டு" என்று கட்டை நீட்டுவது சும்மா சம்பிரதாயம் இல்லை. அது ஒரு தணிக்கை முறை.

போனில்? கலைப்பது கம்பெனியின் சர்வர். எதிரில் இருப்பது ஒரு பெயர், ஒரு பொம்மைப் படம், அவ்வளவுதான். உங்கள் கையில் என்ன சீட்டு, எத்தனை மணிக்கு உள்ளே வருகிறீர்கள், எவ்வளவு தோற்றால் கோபத்தில் இன்னும் பணம் போடுவீர்கள், எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகிறது. அந்த இடத்துக்குள் உங்களால் எட்டிப் பார்க்க முடியாது.

2023 வழக்கில் தமிழ்நாடு அரசு கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. எதிரில் ஆடுவது பாட்டாக இருக்கலாம், நேரில் ஆடுவதும் இதுவும் ஒன்றல்ல என்றது. கம்பெனிகள் மறுத்தன. ஆன்லைன் ரம்மி நேரில் ஆடும் ரம்மியிலிருந்து வேறுபட்டது என்று அரசு நிரூபிக்கவில்லை என்று சொல்லிவிட்டது நீதிமன்றம்.

இங்கேதான் உண்மையான சிக்கல். நிரூபிப்பதற்கு வேண்டிய ஆதாரம் முழுக்க யாரிடம் இருந்தது? கம்பெனியின் சர்வரில். டீக்கடைக்காரருக்கு வந்த அதே சந்தேகம் ஒரு மாநில அரசுக்கும் வந்திருக்கிறது. இரண்டு பேர் கையிலும் ஆதாரம் இல்லை!

பிறகு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு ஒரே வாரத்தில் சட்டம் கொண்டுவந்தது. 20-ம் தேதி மக்களவை, 21-ம் தேதி மாநிலங்களவை, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவாக இருந்தாலும் தடை. நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதே வருடம் நவம்பரில் அமலாக்கத்துறை ஒரு பெரிய கேமிங் கம்பெனியின் நிறுவனர்களைக் கைது செய்தது. வாடிக்கையாளர்கள் மனிதர்களுடன் ஆடுகிறோம் என்று நம்பிக்கொண்டு, தெரியாமலே மென்பொருளுடன் பணம் வைத்து ஆடினார்கள் என்பது அதன் குற்றச்சாட்டுகளில் ஒன்று. இது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. ஆனால் இப்படி ஒன்றைச் சொல்வதற்கே அமலாக்கத்துறை போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்பதை கவனியுங்கள்.

ஏஐ-யால் சீட்டாட முடியுமா என்று இன்னும் யாராவது கேட்டால்: 2017-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் நான்கு தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்கள் ஆடித் தோற்கடித்தது. 2019-ல் ப்ளூரிபஸ், ஆறு பேர் உட்காரும் மேசையிலேயே ஜெயித்தது. ஆகவே முடியுமா என்பது கேள்வியே இல்லை. எதிரில் அது உட்கார்ந்திருக்கிறதா என்று உங்களுக்குச் சொல்வார்களா என்பதுதான் கேள்வி.

இதில் காமர்ஸ் படிக்கிற யாருக்கும் புரிகிற ஒரு கணக்கு இருக்கிறது. நாலு பேர், ஆளுக்கு 1,000 ரூபாய். ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 கட்டினால் மேசையில் 400. அதில் ஆப்புக்குப் பத்து சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள், 40 ரூபாய். ஐம்பது ஆட்டம் முடிந்தால் 2,000 ரூபாய் ஆப்புக்குப் போயிருக்கும். நாலு பேரிடமும் சேர்த்து மிச்சம் 2,000. யார் எவ்வளவு திறமைசாலி என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. திறமை என்பது மிச்சத்தை யார் எடுத்துப்போவது என்று முடிவு செய்ய மட்டும்தான்.

இதுவரைக்குமாவது கம்பெனிக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். ஆனால் மேசையில் கம்பெனியின் பாட் ஒன்று உட்கார்ந்துவிட்டால்? சீட்டைக் கலைப்பவரே ஆட்டக்காரர், அவரே நடுவர், அவரே கல்லாப்பெட்டி. அதற்குப் பெயர் விளையாட்டா?

"சான்றிதழ் வாங்கியிருக்கோமே" என்பார்கள். வாங்கியிருந்தார்கள். சீட்டு சரியாகக் கலைகிறதா என்று ஒரு பரிசோதனைக்கூடம் கொடுக்கும் சான்றிதழ். கலைப்பு ஒழுங்காக இருக்கிறது என்று அது சொல்லும். எதிரில் இருப்பது ஆளா என்று அது சொல்லாது. அதோடு அந்தச் சான்றிதழுக்குக் காசு கொடுப்பது கம்பெனி. ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்று 2009 ஜனவரியில் சத்யம் விவகாரம் வெடித்தபோதே நாடு பார்த்துவிட்டது. இல்லாத வங்கி இருப்பு பல வருடம் தணிக்கையைத் தாண்டி வந்தது.

சரி, கம்ப்யூட்டர் புகுந்த எல்லா ஆட்டமும் இப்படித்தானா? இல்லை. சென்னைக்காரர்களுக்குச் செஸ் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மனிதனை விட மெஷின் நன்றாக ஆடும் என்று 1997-ல் காஸ்பரோவ் டீப் ப்ளூவிடம் தோற்றபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் செஸ் சாகவில்லை. 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் உலக சாம்பியன் ஆனார். காரணம், செஸ்ஸில் ஒவ்வொரு நகர்த்தலும் வெளியே தெரியும். 2021 ஜூனில் கொரோனா நிவாரணத்துக்காக விஸ்வநாதன் ஆனந்துடன் ஆடிய தொழிலதிபர் நிகில் காமத், ஆனந்துக்கே தண்ணி காட்டினார். பார்த்தவர்களுக்கு உடனே சந்தேகம். அடுத்த நாளே கம்ப்யூட்டர் உதவி வாங்கியதை அவரே ஒப்புக்கொண்டார். அங்கேயும் சந்தேகம்தான். ஆனால் அதைச் சரிபார்க்க ஆட்டத்தின் பதிவு எல்லார் கையிலும் இருந்தது.

அரசியலிலும் ஒரு உதாரணம் உண்டு. ஓட்டு மெஷின் மீது எல்லாக் கட்சிக்கும் சந்தேகம், தோற்கும்போது மட்டும் :-) ஆனாலும் அந்தச் சந்தேகம் வெறும் புலம்பலாக நிற்கவில்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் விவிபாட் ஒப்புகைச் சீட்டு வேண்டும் என்றது. இப்போது ஓட்டுப் போட்டதும் ஏழு நொடி கண்ணாடி வழியாகச் சின்னம் தெரிகிறது. 2019-லிருந்து ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து பூத்களில் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். ஐந்து போதுமா என்று சண்டை போடலாம். ஆனால் சண்டை போட அங்கே ஒரு சீட்டாவது இருக்கிறது.

ரம்மி ஆடியவர் கையில் என்ன இருந்தது? ஸ்க்ரீன்ஷாட்.

அரசாங்கங்களை மட்டும் நல்லவர்களாக்கிவிட முடியாது. தாம்பரத்தில் ஜிஎஸ்டி என்றால் ரோடுதான் ஞாபகம் வரும். இன்னொரு ஜிஎஸ்டி 2023 அக்டோபர் 1 முதல் கேமிங் ஆப்பில் கட்டும் முழுப் பணத்துக்கும் 28 சதவீதம் என்று வந்தது. ஒரு பக்கம் உயிர் போகிறது என்ற பேச்சு, மறு பக்கம் வசூல். 2020-ல் ஐபிஎல்லுக்கே ஒரு ஃபேன்டஸி ஆப்தான் டைட்டில் ஸ்பான்சர். 2023-லிருந்து 2025 ஆகஸ்ட் வரை இந்திய அணியின் சட்டையிலும் அதே பெயர். தேசிய அணியின் நெஞ்சில் எழுதியிருப்பதைப் பார்க்கிற பையன், இது தப்பான சமாச்சாரம் என்று எப்படி நினைப்பான்?

"அதான் தடை போட்டாச்சே, இன்னும் எதுக்கு இந்தப் பேச்சு?" என்று கேட்கலாம். தடை சரியா என்ற வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் எடுத்துக்கொண்டது. அது ஒரு பக்கம். வெளிநாட்டு சர்வரில் ஓடும் பந்தய சைட்டுகளுக்கு இந்தியச் சட்டம் லேசில் எட்டாது. அதைவிட முக்கியம், மூடிய சர்வர் என்பது ரம்மியோடு முடிகிற விஷயம் இல்லை. ஒரே தூரத்துக்கு ஆண்ட்ராய்டில் ஒரு ரேட், ஐபோனில் ஒரு ரேட் என்று புகார் கிளம்பி, 2025 ஜனவரியில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இரண்டு பெரிய டாக்ஸி ஆப்புகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இரண்டும் மறுத்தன. பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்கு ஆட்டோ புக் பண்ணுகிறவர் அதை எப்படிச் சரிபார்ப்பார்? வேலைக்கு அனுப்பும் பயோடேட்டாவை மென்பொருள் வடிகட்டினால், ஏன் கழித்தது என்று யாரிடம் கேட்பது?

ஆகவே ஏஐ நல்லதா கெட்டதா, திறமையா அதிர்ஷ்டமா என்ற பட்டிமன்றம் போதும். கேட்க வேண்டியவை மூன்று. எதிரில் இருப்பது ஆளா மெஷினா என்று எழுத்தில் சொல்கிறார்களா? நடந்ததன் முழுப் பதிவு உங்கள் கைக்கு வருமா? கம்பெனியிடம் காசு வாங்காத ஒருவர் அதைச் சரிபார்க்க முடியுமா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், அது எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும், எந்த நட்சத்திரம் விளம்பரத்தில் வந்தாலும், பணத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவது உத்தமம்.

எல்லாவற்றையும் சந்தேகப்படுவதில் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. கம்பெனிகளுக்கு அதனால் நஷ்டமும் இல்லை. "எல்லாம் ஃப்ராடுப்பா" என்று சொல்லிக்கொண்டே ஓடிபி போடுகிறவர்தான் அவர்களுக்கு நல்ல வாடிக்கையாளர். "கட்டை இப்படிக் குடு, ஒருதரம் வெட்டறேன்" என்று கை நீட்டுகிறவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது.