படத்தின் பின்னே ஒரு வெள்ளைச் சதுரம்

அண்மையில் திருமண அழைப்பிதழொன்று நம் கைக்கு வந்தது. தாள் முழுதும் இளமஞ்சள் நிறம், மேலே விநாயகர். அவரைச் சுற்றி மட்டும் வெள்ளைச் சதுரமொன்று, சட்டையில் ஒட்டுப் போட்டாற்போல! அழைப்பிதழாயின் நகைத்துவிட்டு மறந்துவிடலாம். கண்டியிலேயே முப்பத்தோராம் நாள் நினைவு மலரொன்றின் அட்டையில், மறைந்த பெரியவரின் முகத்தைச் சுற்றியும் அதே சதுரத்தை நாம் கண்டதுண்டு. பேத்தி இரவெல்லாம் கண்விழித்து அமைத்த அட்டை அது. உறவினர் கைகளுக்குப் போய்விட்ட மலரை மீண்டும் அச்சிடுவது எங்ஙனம்?

அவள் படத்தை வெட்டியெடுத்ததில் குறையில்லை. கோப்பை அனுப்பிய வழியிலேதான் பிழை நேர்ந்தது.

கணினிப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. நான்காவதாக ஓர் எண்ணும் சேரலாம். அப்புள்ளி எவ்வளவு மறைக்கும், எவ்வளவு ஊடுகாட்டும் என்பதை அது கூறும். 0 எனின் முற்றும் ஊடுகாட்டும். 255 எனின் முற்றும் மறைக்கும். இடைப்பட்ட எண்களோ, காலையில் ஹந்தானை மலைமீது படியும் மூடுபனி போன்றவை; மலை தெரியும், தெளிவாகத் தெரியாது. விளக்கின் ஒளிவட்டமும் மெல்லிய நிழலும் இவ்விடை எண்களாலேயே அமைகின்றன. 1970களின் பிற்பகுதியில் எட் கற்மல், அல்வி ரே ஸ்மித் என்னும் இருவர் நியூயோர்க்கில் வகுத்த இம்முறைக்கு ‘அல்பா’ என்று பெயர்.

1992இல் தரநிலையான ஜேபெக் வகைக் கோப்பில் இந்நான்காம் எண்ணுக்கு இடமேயில்லை. வெறுமையான இடம் பெரும்பாலும் வெள்ளையால் நிரப்பப்பட்டுவிடும். 1996இல் வெளிவந்த பி.என்.ஜி. வகை அதனைக் காக்கும். ஆனால் மாணவர் பலர் பி.என்.ஜி.யாகச் சேமித்த படத்தை வாட்ஸ்அப்பில் ‘படம்’ என்றே அனுப்பிவிடுகின்றனர். அது வழியிலேயே ஜேபெக்காக மாறிவிடுகிறது. ‘ஆவணம்’ என்று அனுப்பினால் கோப்பு உள்ளவாறே போய்ச் சேரும். இன்னொரு வேடிக்கை: இணையத்தில் எடுத்த சில படங்களில், ஊடுகாட்டுதலைக் குறிக்கும் சாம்பல்-வெள்ளைக் கட்டங்களே படத்தின் பகுதியாக வரையப்பட்டிருக்கும். அவை அப்படியே அச்சில் ஏறும்.

“சென்றமுறை சரியாகத்தானே வந்தது?” என்று கேட்பவருமுளர். சென்றமுறை மஞ்சள் அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். சாதாரண நால்வண்ண அச்சில் வெள்ளை மை இல்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை வெறுமனே விட்டுவிடுவர். ஆகவே மஞ்சள் அட்டையில் சதுரம் தெரியாது. வெள்ளைத் தாளில் மஞ்சளைப் பூசி அச்சிடும்போதுதான் அது வெளிப்படும்.

அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியது பி.டி.எவ். கோப்பு. 2001இல் வந்த அதன் 1.4ஆம் பதிப்பிலிருந்துதான் உண்மையான ஊடுகாட்டுதல் அதில் இடம்பெற்றது. அச்சுத் தொழிலுக்கென வகுத்த தரங்களுள் எக்ஸ்-1ஏ அதனை ஏற்பதில்லை, எக்ஸ்-4 ஏற்கும். எக்ஸ்-1ஏ கேட்கப்பட்டால் ஒன்றன்மேலொன்றாயுள்ள படலங்களைக் கணினி ஒரே தளமாகத் தட்டையாக்கும். தமிழெழுத்துக்குத் தொல்லை நேர்வது இங்கேதான். நிழலுக்கோ ஒளிவட்டத்துக்கோ கீழே எழுத்து அகப்பட்டுக்கொண்டால், அது எழுத்தாக இராமல் படமாகவோ வெறும் உருவரையாகவோ மாறும். ணகர, னகரங்களின் சுழிகள் தடித்துப் போகலாம். எழுத்தை எல்லாவற்றுக்கும் மேலான படலத்தில் வைத்தால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். தனி மையாகப் பொன்னிறம் சேர்ப்பவர்கள், அதன்மேல் நிழல் விழவிடாதிருப்பது நலம். நிறம் எதிர்பாராதவாறு மாறக்கூடும்.

எந்தத் தரம் வேண்டுமென்பதை வேலை தொடங்குமுன்னரே அச்சகத்தாரிடம் கேட்டுக்கொள்க. முடிந்தபின், வடிவமைத்த கோப்பையன்றி, ஏற்றுமதியான பி.டி.எவ்.ஐயே திறந்து பார்க்க வேண்டும். ஐயமிருப்பின் படத்தின் கீழே கடும் நீலப் பட்டையொன்றைத் தற்காலிகமாக வைத்து மீண்டும் ஏற்றுமதி செய்யுங்கள். சதுரம் இருந்தால் அக்கணமே தெரிந்துவிடும். பட்டையை எடுத்தபின், ஒரேயொரு மாதிரித் தாளை அச்சிட்டுத் தரும்படி கேட்டு, அதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபின் மற்றவற்றுக்குச் சம்மதம் கூறலாம்.