உரம் விழுந்தா அம்மா என்ன பண்ணுவா?

2 மாசம் முன்னாடி தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்தா. 3-வது வாரமே வீட்டுல பஞ்சாயத்து ஆரம்பம். குழந்தை வலது பக்கம் சமத்தா குடிக்குது, இடது பக்கம் வெச்சா வீல்னு அலறுது. "அந்தப் பக்கம் பால் ஊறலை", "இவளுக்குக் குழந்தையைப் பிடிக்கவே தெரியலை"ன்னு ஆளாளுக்குத் தீர்ப்பு. காம்பு புண்ணாகி அவ அழுதது யார் கண்ணுலயும் படலை.

பாட்டி மட்டும்தான் கழுத்தைக் கவனிச்சாங்க. "உரம் விழுந்திருக்குடி." கரெக்ட்! ஆனா அடுத்து சொன்னாங்க பாருங்க, "புடவையில போட்டு உருட்டிடலாம்"னு... தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினோம்.

காதுக்குப் பின்னாடி ஆரம்பிச்சு காரை எலும்பு வரைக்கும் வர்ற தசை ஒரு பக்கம் இறுகியிருக்காம். பேரு டார்ட்டிகாலிஸ். தலை இறுகின பக்கம் சாயும், முகம் எதிர்ப்பக்கமே திரும்பும். அப்புறம் எப்படி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குடிக்கும்?

வைத்தியம் சிம்பிள். பிசியோதெரபிஸ்ட் காட்டித் தர்ற பயிற்சி, முழிச்சிருக்கும்போது குப்புறப் படுக்க வைக்கிறது. வலது பக்கம் குடிச்சதும் குழந்தையைத் திருப்பாம, அப்படியே நகர்த்தி, கால் அம்மாவோட இடது கைக்கு அடியில போற மாதிரி வெச்சா இடது பக்கமும் குடிக்குது! முதல் மாசத்துலயே ஆரம்பிச்சா சீக்கிரம் சரியாகும். தள்ளிப்போட்டா மாசக்கணக்குல இழுக்கும்.

பாட்டியோட கண்ணு நமக்கு வேணும் மக்களே, அந்த உருட்டல் வேண்டவே வேண்டாம். பச்சைக் குழந்தை கழுத்து அது. குழந்தை ஒரு பக்கம் மறுத்தா அம்மாவைத் திட்டாதீங்க, முதல்ல கழுத்தைப் பாருங்க.

என்ன நான் சொல்றது? :-)