அடுப்பை யார் பார்ப்பது?



சனிக்கிழமை இரவு கிள்ளான் சாப்பாட்டுக் கடைகளில் பாருங்கள். தொலைக்காட்சியில் காற்பந்து ஓடும். எங்கோ ஐரோப்பாவில் கோடீஸ்வர ஆட்டக்காரர் ஒருவரின் முழங்கால் வலியைப் பற்றி நம் பிள்ளைகள் மணிக்கணக்கில் கவலைப்படுவார்கள். "உன் அப்பாவின் முழங்கால் எப்படி?" என்று கேட்டால் பதில் வராது.

விளையாட்டை நான் குறை சொல்லவில்லை. "ஸ்பைடர்மேன்" என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம் நம்மவர் அல்லவா? 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவில் இருந்தவர். 1988இல் சாலை விபத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 35தான். அவர் காலத்து ஆட்டக்காரர்களுக்குப் பகலில் ஓர் உத்தியோகம், மாலையில் பயிற்சி. பிறகு 1994இல் நம் நாட்டில் காற்பந்து முழுநேரத் தொழிலாயிற்று. ஆனால் அண்மை ஆண்டுகளில் பல குழுக்களின் ஆட்டக்காரர்கள் சம்பள பாக்கிக்காகக் காத்துக் கிடந்ததைப் பத்திரிகைகளில் படித்தோம். புகழ் இருந்தென்ன? உடம்பை நம்பிப் பிழைப்பவனுக்கு உடம்பு சாய்ந்தாலும் ஆபத்து, முதலாளி சாய்ந்தாலும் ஆபத்து.

நம் கதையும் அதுதானே! தோட்டத்தில் வீடு, வேலை, டிரஸர், மருந்து எல்லாம் ஒரே கையிலிருந்து வந்தன. போதுமானதாக இருந்ததா என்பது வேறு பேச்சு. அந்தக் கை விலகியபோது எல்லாமே சேர்ந்து போயின. சீபீல்ட் தோட்டத்து நிலம் சுபாங் ஜெயாவாயிற்று. புக்கிட் ராஜாவில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. நம்மவர்கள் லாரி ஓட்டவும், காவல் காக்கவும், குத்தகைக்காரரிடம் துப்புரவு வேலை செய்யவும் போனார்கள்.

"அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளிக்கு மருந்து கிடைக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்பீர்கள். உண்மை; அது இந்நாட்டின் பெரிய கொடை. ஆனால் ஆஸ்பத்திரி நோயைப் பார்க்கும். குடும்பத்தலைவர் மூன்று மாதம் படுத்துவிட்டால் அடுப்பை யார் பார்ப்பது?

அதனால் என் கருத்து இது: முதலில் சம்பளத்துக்குக் காப்பு, பிறகுதான் ஆஸ்பத்திரி பில்லுக்குக் காப்பு.

சம்பளத்துக்கான காப்பு 1971 முதலே நம்மிடம் இருக்கிறது. அதுதான் சொக்சோ. வேலையிலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ அடிபட்டு விடுப்பில் இருந்தால், நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். எந்த நோயாலாவது இனி உழைக்கவே முடியாமல் போனால் இயலாமை ஓய்வூதியம் உண்டு. இதற்குத் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் அரை விழுக்காடு. 1,700 வெள்ளி வாங்குபவருக்கு மாதம் 10 வெள்ளிக்கும் குறைவு. ஆனால் ஓய்வூதியம் பெற, போதிய மாதங்கள் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். முதலாளி கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதமும் நம் வீட்டு அரிசிப் பானையில் விழும் ஓட்டை.

மருத்துவக் காப்புறுதி அட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது வயதில் சுலபமாகத் தெரியும் சந்தா, வயது ஏற ஏற ஏறும். 2024இல் சந்தா உயர்வு பலரைத் திணறடித்ததால், அந்த உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பும்படி பேங்க் நெகாரா தலையிட வேண்டியதாயிற்று. முகவர் வந்தால், "அறுபது வயதில் நான் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். மழுப்பினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நோய் முற்றும் நேரத்தில் கட்ட முடியாமல் விட்டுப்போகும் அட்டையால் யாருக்கு என்ன லாபம்?

தாய்மார்களே, இம்மாதச் சம்பளச் சீட்டை நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள். சொக்சோ, சேமநிதி இரண்டும் பிடிக்கப்பட்டிருக்கின்றனவா? பிடித்ததெல்லாம் கட்டப்பட்டதாகிவிடாது. அடையாள அட்டையுடன் பக்கத்துச் சொக்சோ அலுவலகத்துக்குப் போய் மாதவாரியாகக் கேளுங்கள். வாடகைக் கார் ஓட்டுபவர், அங்காடிக்காரர் போன்ற சொந்தத் தொழில் செய்வோர்க்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனித் திட்டம் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

கோல் விழுந்தபின் காவலரைத் தேடி என்ன பயன்? இந்தச் சனிக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு முன், மகனிடம் அப்பாவின் சம்பளச் சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.